லுவாங் பிரபாங்கை ஒரே நாள்ல சைக்கிள்ல முடிச்சிடலாமா?

கேள்வி, 2024 நவம்பர் 18

டிசம்பர் கடைசில லாவோஸ் போறோம், நானும் ஒய்ஃபும். லுவாங் பிரபாங்ல ஒரே ஒரு முழு நாள்தான் இருக்கு. ஸ்கூட்டர் எடுக்க ரெண்டு பேருக்கும் பயம். காலைல பிச்சை வாங்குற பிக்குகள், ஃபூசி மலை, அரண்மனை, கோயில்கள், குவாங் சி அருவி, சாயந்திரம் நைட் மார்க்கெட், எல்லாத்தையும் சைக்கிள்லயே கவர் பண்ணிடலாம்னு ஒருத்தர் எழுதியிருந்தாரு. நிஜமாவே முடியுமா? போயிட்டு வந்தவங்க சொல்லுங்க.

2024 நவம்பர் 18, ராத்திரி

முடியாது தம்பி. எழுதினவரு ஒண்ணு போகவே இல்ல, இல்லன்னா அவருக்கு வயசு 22.

நான் போன வருஷம் டிசம்பர்ல போனேன், அக்கா பையனோட. அவனுக்கு 24, எனக்கு 49, முட்டி வேற. குவாங் சி அருவி ஊர்லேர்ந்து 30 கிலோமீட்டருக்குக் கிட்ட, நெடுக ஏத்தமும் இறக்கமும். வாடகைக்குக் குடுக்குற சைக்கிள் முக்காவாசி கியர் இல்லாத கூடை வெச்ச லேடீஸ் சைக்கிள். போக வர 60 கிலோமீட்டர் அதுல மிதிச்சிட்டு அப்புறம் அருவியில குளிக்க இல்ல, விழத்தான் முடியும். அருவிக்கு ஷேர் வேன் போகுது, அது வேற நாள் கதை, இல்ல விட்டுடுங்க.

ஊருக்குள்ள மட்டும்னா சைக்கிளுக்கு ஈடா எதுவும் கிடையாது.

2024 நவம்பர் 19

நேத்து தூக்கத்துல பாதில விட்டுட்டேன். ஊர் எப்படி இருக்குன்னு புரிஞ்சா மிச்சம் தானா புரியும். பழைய ஊர் ஒரு நாக்கு மாதிரி நீட்டிக்கிட்டு இருக்கு. ஒரு பக்கம் மேகோங், அகலமா, பழுப்பா. இன்னொரு பக்கம் நாம் கான், சின்ன ஆறு, கொஞ்சம் பச்சை. நாக்கு நுனியில ரெண்டும் சேருது. நீளம் ஒரு கிலோமீட்டர், அகலம் அதுல கால்வாசி கூட இருக்காது. நான் ஸ்ரீரங்கத்துக்காரி, காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவுல பொறந்து வளந்தவ, அதனால மேப்பைப் பாத்தவுடனே இது நம்ம ஊரு கேஸ்னு புரிஞ்சு போச்சு. எந்தச் சந்துல திரும்பினாலும் ரெண்டு நிமிஷத்துல ஏதோ ஒரு ஆத்துல போய் முட்டும். தொலையவே முடியாது. அக்கா பையன் மட்டும் போனைப் பாத்துப் பாத்து ஓட்டி ரெண்டு தடவை ஒரே கோயில் வாசலுக்கு வந்தான்.

பெரிய பஸ்ஸு லாரி எல்லாம் பழைய ஊருக்குள்ள விடுறதில்ல. 1995ல யுனெஸ்கோ பட்டியல்ல சேத்தாங்க, அதுக்கப்புறம் வீட்டைக் கட்டுறதுக்கும் இடிக்கிறதுக்கும் கட்டுப்பாடு. அதனால மேல மரம் கீழ செங்கல்னு ஃபிரெஞ்சுக்காரன் காலத்து வீடுங்க அப்படியே வரிசையா நிக்குது. சைக்கிள் வேகம்தான் அந்த ரோட்டோட வேகம்.

2024 நவம்பர் 19, சாயந்திரம்

வாடகை விஷயம். நான் ஒரு நாளைக்கு 30,000 கிப் குடுத்தேன். பயப்படாதீங்க, அப்போ நம்ம காசுக்கு 120 ரூபா போல. லட்சக்கணக்குல நோட்டு கைல வெச்சிக்கிட்டு டீ குடிக்கிற ஊரு அது.

ரெண்டு விஷயம். ஒண்ணு, பாஸ்போர்ட்டை அடமானமா கேப்பாங்க, குடுக்காதீங்க, டாலரா டெபாசிட் வெச்சிக்கோன்னு சொல்லுங்க, ஒரு கடை இல்லன்னா அடுத்த கடை ஒத்துக்கும். ரெண்டு, வண்டியை எடுக்குறதுக்கு முன்னாடி அங்கேயே ஒரு ரவுண்டு ஓட்டி, பிரேக்கைப் பிடிச்சுப் பாத்து, செயின் தொங்குதான்னு குனிஞ்சு பாருங்க. நான் பாக்கல. அந்தக் கதை பின்னாடி வருது.

ஆங், இன்னொண்ணு, வண்டிங்க அங்க வலது பக்கம் போகும். 40 வருஷம் இடது பக்கம் ஓட்டினவ நான், முதல் சந்துலேயே தப்பான பக்கம் ஏறி ஒரு நூடுல்ஸ் வண்டிக்கு நேரா போனேன். அந்தம்மா திட்டல, சிரிச்சாங்க. அங்க யாரும் ஹார்ன் அடிக்கிறதும் இல்ல, அதனால நமக்குத் தப்புன்னே உறைக்காது. அதுதான் ஆபத்து.

2024 நவம்பர் 21

காலைலேர்ந்து வரிசையா சொல்லுங்கக்கான்னு தனியா மெசேஜ் போட்டிருந்தீங்க. சரி.

டிசம்பர்ல விடியக்காலை அங்க நல்லாவே குளிரும், ஸ்வெட்டர் எடுத்துக்கோங்க, ஹேண்டில்பார் பிடிச்ச கை விறைச்சுப் போகும். அஞ்சரை மணிக்கெல்லாம் பிக்குகள் கிளம்பிடுவாங்க, காவி வரிசையா, வெறுங்காலோட, தோள்ல திருவோடு. அதுக்கு தக் பாத்னு பேரு. மெயின் ரோட்டுல நிக்காதீங்க. அங்க சுத்தி வந்தவங்க பிளாஷ் போட்டு மூஞ்சிக்கு நேரா போட்டோ எடுக்குறதைப் பாத்தா நமக்கு வெக்கமா இருக்கும். நாங்க நாம் கான் பக்கம் இருக்குற ஒரு சந்துல சைக்கிளை ஸ்டாண்டு போட்டுட்டு எதிர்ப்பக்கத் திண்ணையில ஒடுங்கி உக்காந்தோம். மூணு பாட்டிங்க பாய் விரிச்சு முட்டி போட்டு, கூடையிலேர்ந்து ஒட்டுச் சோத்தை ஒரு கிள்ளு கிள்ளி ஒவ்வொரு ஓட்டுலயும். பேச்சே இல்ல. வரிசையோட கடைசில ரெண்டு சின்னப் பசங்க காலிக் கூடையோட உக்காந்திருந்தாங்க. இவங்க என்ன குடுக்கப் போறாங்கன்னு பாத்தா, பிக்குங்க தங்களுக்கு வந்ததுலேர்ந்து எடுத்து அந்தப் பசங்க கூடையில போட்டுட்டுப் போறாங்க. வாங்குறவங்களே குடுக்குறாங்க. எனக்கு அங்க என்னமோ ஆயிடுச்சு, அக்கா பையன் என்ன சித்தி சளியான்னு கேட்டான், ஆமாண்டான்னுட்டேன்.

அப்புறம் காலைச் சந்தை, அரண்மனையை ஒட்டின சந்து. அங்க சைக்கிளை உருட்டிக்கிட்டே போங்க, ஏறிடாதீங்க, தரையிலதான் கடையே, தவளை, ஆத்து மீன், மூங்கில் குருத்து, எருமைத் தோல், என்னென்னமோ. ஆனா முக்கால்வாசி கடையைத் தாண்டி ஒரு வாசனை வந்துது பாருங்க, தேங்காய்ப்பால் கருகுற வாசனை. ஒரு அம்மா பணியாரக்கல்லு வெச்சிருக்காங்க! நம்ம குழிப் பணியாரக்கல் அப்படியே, அடியில கரி அடுப்பு. காவ் நோம் கோக்னு பேரு. அரிசி மாவு, தேங்காய்ப்பால், சக்கரை. வெந்ததும் ரெண்டை எடுத்து ஒண்ணு மேல ஒண்ணு கவுத்து வாழையிலையில குடுப்பாங்க. வெளில மொறுமொறுன்னு, உள்ள கொழகொழன்னு பாதி வெந்த பால். நான் ரெண்டு இலை சாப்பிட்டேன். நாலுன்னு அக்கா பையன் சொல்லுவான், நம்பாதீங்க.

2024 நவம்பர் 21, கொஞ்ச நேரம் கழிச்சு

ஃபூசி மலையை மறந்துட்டேன். ஊருக்கு நடுவுல இருக்குற குன்று, 100 மீட்டர் உயரம், அரண்மனை எதிர்லேர்ந்து ஏறினா உச்சிக்கு 328 படி. மேல தாத் சோம்சின்னு ஒரு தங்கக் கோபுரம், 1804ல கட்டினது. மலைக்கோட்டைக்குப் பாதிக் கஷ்டம்தான். எல்லாரும் சூரியன் மறையறதுக்குப் போவாங்க, அந்த நேரத்துக்கு மேல போனா சூரியனைப் பாக்க மாட்டீங்க, முன்னாடி நிக்கிறவரோட போனைத்தான் பாப்பீங்க. டிசம்பர்ல காலைல சீக்கிரம் ஏறினாலும் வேலைக்காகாது, ரெண்டு ஆத்து மேலயும் மூட்டம் பால் மாதிரி கவிஞ்சு கெடக்கும், ஊரே தெரியாது. பத்து மணிக்கு மேல கலையும்.

நான் ஏறல. கீழேர்ந்து பாத்தேன். முட்டி.

2024 நவம்பர் 24

மூணு நாளா ஆபீஸ்ல ஆடிட். சரி, கோயில்.

ஊர்ல தடுக்கி விழுந்தா கோயில். எல்லாத்துக்கும் போகாதீங்க, அஞ்சாவதுக்கு மேல எல்லாம் கலந்து போயிடும். நாக்கு நுனியில இருக்குற வாட் சியெங் தோங் ஒண்ணு போதும், ஆனா ஒரு மணி நேரம் குடுங்க. 1560 வாக்குல சேத்தாதிராத்னு ஒரு ராஜா கட்டினது, அதே ராஜாதான் தலைநகரை வியென்டியானுக்கு மாத்தினவரு. கூரையைப் பாருங்க, மூணு அடுக்கா, கோழி செட்டை விரிச்சு குஞ்சுங்களை மூடினாப்புல தரை வரைக்கும் இறங்கி வரும். பின் சுவத்துல செவப்பு மேல கண்ணாடித் துண்டு பதிச்சு ஒரு பெரிய மரம், மயிலு எல்லாம் இருக்கு, அது பழசு இல்ல, 1960கள்ல பண்ணினது. பக்கத்துல சின்ன செவப்பு மண்டபம் ஒண்ணு, அதோட வெளிச்சுவத்துல கிராமத்து வாழ்க்கை, ஏர் ஓட்டுறது, மீன் பிடிக்கிறது எல்லாம் கலர்க் கண்ணாடில. அதைப் பாக்க உக்காந்தா எந்திரிக்கத் தோணாது, ஒவ்வொரு மனுஷனும் விரல் நீளம், ஒவ்வொருத்தனும் ஏதோ ஒரு வேலையா இருக்கான்.

பிரதான மண்டபத்தை சிம்னு சொல்றாங்க. சீமான்னா எல்லை, பிக்குகளுக்கான எல்லை கட்டின இடம், அதுலேர்ந்து வந்த பேரு. நம்ம சீமையும் அதே சீமாதான். ஸ்தூபியை தாத்ங்கறாங்க, அது தாது. கொஞ்ச நேரத்துல நாம பாதி லாவோ பேசுற மாதிரி ஒரு மிதப்பு வந்துடும். கடையில போய் நின்னா இறங்கிடும்.

தேர் மண்டபம் விட்டுடாதீங்க. 1959ல செத்த சிசவாங் வோங் ராஜாவோட இறுதி ஊர்வலத் தேர் உள்ள நிக்குது, முன்னாடி நாகம் நாகமா. மண்டபத்து முகப்பு முழுக்க தங்கப் பூச்சு மரச் செதுக்கல், அது ராமாயணம். அவங்க கதைக்குப் பேரு ப்ரா லாக் ப்ரா லாம். லட்சுமணன் பேரு முதல்ல வருது கவனிச்சீங்களா? அவங்க கதையில ராவணன் ராமனுக்குப் பங்காளி முறை, நடக்குறதெல்லாம் மேகோங் கரையில. அக்கா பையன் கிட்ட இதைச் சொன்னேன், அப்போ சொத்துத் தகராறா சித்தின்னு கேட்டான்.

2024 நவம்பர் 24, திரும்பவும்

அரண்மனை மியூசியம் மத்தியானம் சாப்பாட்டுக்கு மூடுவாங்க, 11:30க்கெல்லாம் ஆளை வெளிய அனுப்ப ஆரம்பிச்சிடுவாங்க. 1904ல ஃபிரெஞ்சுக்காரங்க கட்டிக் குடுத்தது. ப்ரா பாங் அங்கதான் இருக்கு, ஊருக்கே பேரு குடுத்த புத்தர், 83 சென்டிமீட்டர் உயரம்தான், ரெண்டு கையையும் நிறுத்துங்கற மாதிரி முன்னாடி நீட்டிக்கிட்டு நிக்கிறாரு. இலங்கையில வார்த்ததுன்னு ஐதீகம். பாக்க கெமர், அதாவது பழைய கம்போடிய வேலைப்பாடு மாதிரி இருக்குன்னு கலை வரலாறு படிச்சவங்க சொல்றாங்க. ஐதீகத்தோட யாரு மல்லுக்கட்டுறது.

2024 நவம்பர் 26

இனிமே சொல்றதுதான் சைக்கிளுக்கான நாள். நாம் கான் மேல ஃபிரெஞ்சுக்காரன் காலத்து இரும்புப் பாலம் ஒண்ணு இருக்கு, பலகை போட்டது. பைக்கும் சைக்கிளும் நடுவுல, நடக்குறவங்க ஓரத்துல, கார் கிடையாது. ஏறினதும் பலகைங்க டக டக டகன்னு சத்தம் போடும் பாருங்க, பின்னாடி யாரோ துரத்துற மாதிரியே இருக்கும். அதைத் தாண்டி இடது பக்கம் திரும்பி ஆத்தோரமாவே மூணு நாலு கிலோமீட்டர் போனா பான் சாங் கோங். காகிதம் பண்றவங்க, தறி நெய்யறவங்க ஊரு.

காகித முசுக்கட்டைன்னு ஒரு மரம், அதோட பட்டையை ஊற வெச்சு வேக வெச்சு, கட்டையால அடிச்சுக் கூழாக்கி, துணி கட்டின சட்டத்துல தண்ணிக்குள்ள வெச்சு ஊத்திப் பரப்புறாங்க. ஈரத்துலேயே பூவு, இலை பதிச்சு வெயில்ல சாச்சு வெச்சிடுறாங்க. ரோட்டோரம் முழுக்க அந்தச் சட்டங்க காயுது, அப்பளம் காய வெச்ச மொட்டை மாடி மாதிரி. நெய்யறதெல்லாம் வீட்டுக்குக் கீழ. வீடு கால் ஊன்றி மேல இருக்கும், கீழ நிழல்ல தறி. ஒரு பொண்ணு சாயச் சட்டியெல்லாம் தொறந்து காட்டினா. அவுரி நீலம், அரக்கு செவப்பு, மஞ்சளுக்குப் பலாக்கட்டை. வாங்கணும்னு ஒருத்தரும் நச்சரிக்கல, அந்தக் குத்த உணர்ச்சியிலேயே ரெண்டு சால்வை வாங்கினேன்.

அங்க ரெண்டு மணி நேரம் போனது தெரியல. அதோட விட்டிருக்கணும்.

2024 நவம்பர் 26, ராத்திரி 11

விடல. அக்கா பையன் போன்ல ஒரு லிஸ்டு வெச்சிருந்தான், அதுல ஆன்ரி மூவோட கல்லறைன்னு ஒண்ணு. மூவோ ஃபிரெஞ்சு நாட்டுக்காரர், பூச்சி செடி சேகரிக்க வந்தவர், அங்கோர் வாட் பத்தி அவர் எழுதினதை ஐரோப்பால விழுந்து விழுந்து படிச்சாங்க. 1861 நவம்பர்ல இந்த ஊருக்கிட்டக் காய்ச்சல்ல செத்துப்போனாரு. வயசு 35. கல்லறை நாம் கான் கரையில, பான் பனோம் தாண்டி, ஊர்லேர்ந்து எட்டு கிலோமீட்டர் போல. எட்டுதானே சித்தின்னான். எட்டுதானே.

மத்தியான வெயில், ஏத்தம், மண் ரோடு, இறங்கி உருட்டு, ஏறு, இறங்கு, தண்ணி பாட்டில் காலி, கடை இல்ல, அவன் முன்னாடி போயிட்டான், ஒரு ஏத்தத்துல நான் அழுத்தி மிதிக்கிறப்ப பெடல் சட்டுனு சும்மா சுத்துது, செயின் கழண்டுடுச்சு. சும்மா கழண்டிருந்தா நானே போட்டிருப்பேன், பள்ளிக்கூடத்துக்கு எட்டு வருஷம் சைக்கிள் மிதிச்சவ. இது ஃப்ரீவீலுக்கும் ஃப்ரேமுக்கும் நடுவுல போய் சிக்கிக்கிச்சு. வாடகைக்குக் குடுத்தவங்களை எல்லாப் பாஷையிலயும் திட்டினேன். பேரு கேக்காதீங்க, சொல்ல மாட்டேன்.

அப்போ குடை பிடிச்சிக்கிட்டு ஒரு குட்டி பிக்கு வந்தாரு, 14, 15 வயசு இருக்கும். பாத்துட்டு நின்னாரு. நான் ஒரு குச்சி வெச்சி நெம்பிக்கிட்டு இருந்தேன், குச்சியை நீட்டப் போனேன், அவர் ஒரு அடி பின்னாடி போனாரு. அப்பத்தான் உறைச்சுது, பொம்பளைங்க கைலேர்ந்து நேரா வாங்க மாட்டாங்க. குச்சியைத் தரையில வெச்சிட்டு நான் தள்ளி நின்னேன். அவர் குடையை மடக்கிட்டு, காவியைத் தோள் மேல இழுத்துச் சொருகிட்டு, உக்காந்து, அஞ்சே நிமிஷம், கிரீஸு ஆன கையை ஒரு தேக்கு இலையில தொடைச்சிட்டு எந்திரிச்சாரு. எனக்கு வேற என்ன தெரியும், கூடையில வாழைப்பழம் இருந்துது, ஒரு துண்டை விரிச்சு அதுல வெச்சேன். சிரிச்சிட்டு விரலால சூரியனைக் காட்டினாரு. உச்சி தாண்டிடுச்சு. மத்தியானத்துக்கு மேல சாப்பிடக்கூடாது அவங்க. குடையை விரிச்சிட்டுப் போயிட்டாரு.

கல்லறை? மரத்துக்கு நடுவுல ஒரு வெள்ளைச் சமாதி. மூணு நிமிஷம் பாத்தோம்.

போகாதீங்க. ஒரு நாள் இருக்குறவங்களுக்கு அது சுத்த வேஸ்டு. அரை நாள் அதுலயே போச்சு.

2024 நவம்பர் 27

ஒரு திருத்தம். மூவோதான் அங்கோர் வாட்டைக் கண்டுபிடிச்சவருன்னு நான் எழுதினதா ஒருத்தர் சண்டைக்கு வந்திருக்காரு. திரும்பப் படிங்க சார், நான் அப்படி எழுதல. அங்க ஆளுங்க வாழ்ந்துக்கிட்டு, பிக்குங்க கும்பிட்டுக்கிட்டுத்தான் இருந்தாங்க, தொலைஞ்சாத்தானே கண்டுபிடிக்க. அவரு ஊருக்குச் சொன்னவரு, அவ்ளோதான்.

நான் போட்ட நிஜமான தப்பை யாரும் பிடிக்கல. மேகோங் பழுப்புன்னு எழுதினேன். மழைக்காலத்துலதான் அது பழுப்பு. டிசம்பர்ல என் போட்டோவுலயே பச்சையாத்தான் இருக்கு.

2024 நவம்பர் 30

சைவம் கிடைக்குமான்னு கேட்டீங்க. ஒய்ஃப் சைவம்னு முதல்லயே சொல்லியிருக்கலாமே.

கிடைக்கும், ஆனா கேட்டுக் கேட்டு. எதுல பாத்தாலும் பாடேக், மீனைப் புளிக்க வெச்ச குழம்பு, நம்ம பெருங்காயம் மாதிரி எல்லாத்துலயும் கொஞ்சம். பயமில்லாத சாப்பாடு ஒட்டு அரிசிச் சோறு, காவ் நியாவ், சின்ன மூங்கில் கூடையில வரும், கையால உருட்டித் தொட்டுச் சாப்பிடணும், ஸ்பூன் கேட்டாத்தான் ஒரு மாதிரி பாப்பாங்க. ஆத்துப் பாசியைக் காய வெச்சு எள்ளு, பூண்டு, தக்காளி ஒட்டி வெச்சிருப்பாங்க, காய்பென்னு பேரு, பொரிச்சா அப்பளம் கெட்டுது. அதுக்குத் தொட்டுக்கக் குடுக்குற ஜேவ் போங்ல எருமைத் தோல் இருக்கும், அதை மட்டும் தள்ளி வைங்க. காவ் சோய்னு நூடுல்ஸ், தாய்லாந்துல தேங்காய்ப்பால் குழம்போட தர்றது இல்ல இது, தெளிஞ்ச சாறு, மேல பன்னிக்கறியும் புளிச்ச சோயாவும் சேத்துக் கிண்டினது, அது நீங்க மட்டும் சாப்பிடுங்க. பணியாரம் இருக்கே, பசியோட வர மாட்டாங்க.

2024 டிசம்பர் 1

மேகோங்கறது மா கங்கான்னு ஒருத்தர் ஒரு பாரா எழுதியிருக்காரு. நானும் போறதுக்கு முன்னாடி அப்படித்தான் ஊரெல்லாம் சொல்லிக்கிட்டு இருந்தேன், அதனால கோவம் வரல. அது மே நாம் கோங். மேன்னா அம்மா, நாம்னா தண்ணி. தண்ணிக்கு அம்மா, ரெண்டும் சேந்தா ஆறு. நாம் கான் அப்படின்னாலும் கான்கற தண்ணி. காவிரியைத் தாய்ன்னு நாம பாட்டுல சொல்றோம், அவங்களுக்கு ஆறுங்கற வார்த்தைக்குள்ளயே அம்மா உக்காந்திருக்கா. எனக்கு இதுவே போதும், கங்கை வேண்டாம்.

அந்த அம்மாவுக்கும் இப்போ அணை. கீழ சயாபுரில 2019ல கரண்டு எடுக்க ஆரம்பிச்சிட்டாங்க, ஊருக்கு மேல 25 கிலோமீட்டர்ல இன்னொண்ணு கட்டிக்கிட்டு இருக்காங்க. மேட்டூர்ல தண்ணி எப்போ தொறப்பான்னு பேப்பர் பாத்து வளந்தவளுக்கு இதுல சொல்ல நிறைய இருக்கு, சைக்கிள் இழையில வேண்டாம்.

2024 டிசம்பர் 3

முக்கியமானதை விட்டுட்டேன், வேடிக்கையா எழுதிக்கிட்டே போனதுல. ஊரை விட்டு வெளிய போனா ரோட்டை விட்டு, நடந்து தேஞ்ச தடத்தை விட்டு இறங்காதீங்க. ஒண்ணுக்குப் போகவும் புதர்ப் பக்கம் ஒதுங்காதீங்க. 1964லேர்ந்து 1973 வரைக்கும் அமெரிக்கா இந்த நாட்டு மேல 20 லட்சம் டன்னுக்கு மேல குண்டு போட்டிருக்கு. கொத்துக் குண்டுக்குள்ள இருக்குற சின்னக் குண்டுங்க மட்டும் 27 கோடி, அதுல 30 சதவீதம் வரைக்கும் வெடிக்காம மண்ணுக்குள்ள போச்சு. இந்த மாகாணமும் அந்தக் கணக்குல உண்டு. ஊர் ஓரத்துல, வெடிக்காத குண்டுங்களைத் தேடி எடுக்குற யுஎக்ஸ்ஓ லாவோங்கற அமைப்பு வெச்சிருக்குற சின்ன கண்காட்சி இருக்கு, சைக்கிள்ல பத்து நிமிஷம். டென்னிஸ் பந்து சைஸ்ல இருக்கும் அந்தக் குண்டு. பசங்க பந்துன்னு நெனைச்சு எடுப்பாங்க. நாங்க அங்கேர்ந்து ரூம் வரைக்கும் பேசாமத்தான் மிதிச்சோம்.

2024 டிசம்பர் 8

ஒரு சங்கடமான விஷயம். அக்கா பையன் இந்த இழையைப் படிச்சிட்டான். போன் பண்ணி, "சித்தி, கல்லறை வேஸ்டுன்னு எழுதியிருக்கீங்க, ஆனா ஊருக்கு வந்து ஒரு வருஷமா வர்றவங்க போறவங்க எல்லார்கிட்டயும் அந்தக் குட்டி பிக்கு கதையைத்தானே சொல்றீங்க? சியெங் தோங் பத்தி ஒரு நாளாவது யார்கிட்டயாவது சொல்லியிருக்கீங்களா?"ங்கறான்.

யோசிச்சுப் பாத்தேன். உண்மைதான். சியெங் தோங் பத்தி இங்க எழுதுறதுக்கே நான் போட்டோ பாத்துட்டுத்தான் எழுதினேன். அந்தத் தேக்கு இலை போட்டோ இல்லாமயே ஞாபகம் இருக்கு.

அதுக்காக கல்லறைக்குப் போங்கன்னும் சொல்ல முடியல. உங்க செயின் அங்க கழலும்னு என்ன நிச்சயம்? போகாதீங்கன்னு சொன்னதை மட்டும் வாபஸ் வாங்கிக்கிறேன். மத்தியானத்துல போகாதீங்க. தண்ணி ரெண்டு பாட்டில்.

2024 டிசம்பர் 8, பின்குறிப்பு

சாயந்திரம் என்ன பண்றதுன்னு சொல்லவே இல்ல பாருங்க. அரண்மனைக்குப் பின்னாடி படித்துறையிலேர்ந்து அக்கரைக்கு ஃபெர்ரி போகும், சைக்கிளையும் ஏத்திக்குவாங்க. அந்தப் பக்கம் சோம்பெட். கடை கண்ணி கூட்டம் இல்ல. ஆத்தோரமாவே போனா வாட் லோங் கூன்னு ஒரு அமைதியான கோயில், ராஜாவுக்குப் பட்டம் கட்டுறதுக்கு முன்னாடி மூணு நாள் அங்க போய் ஒடுங்கி இருப்பாராம். கடைசில கொஞ்சம் தடம் மோசம், சைக்கிளை விட்டுட்டு நடங்க. கடைசி ஃபெர்ரி எப்போன்னு போகும்போதே கேட்டுக்கோங்க.

அஞ்சு மணிக்கு மேல மெயின் ரோட்டை மூடி நைட் மார்க்கெட் போட்டுடுவாங்க, அதுக்குள்ள சைக்கிளோட மாட்டினா உருட்டவும் முடியாது. எதிர்ல இருக்குற மலைக்குப் பின்னாடிதான் சூரியன் இறங்கும், மேகோங் கரையில எங்க நின்னாலும் தெரியும், 328 படி தேவையில்ல.

2024 டிசம்பர் 31

போயிட்டு வந்துட்டீங்கன்னு இப்பத்தான் பாத்தேன், சந்தோஷம். அருவியை விட்டுட்டீங்க, நல்லது. நாம் கான் மேல மூங்கில் பாலம் போட்டிருந்தாங்களான்னு கேக்கணும்னு இருந்தேன், போட்டோலயே இருக்கு. மழைக்காலத்துல ஆறு ஏறினா நிக்காதுன்னு கழட்டிடுவாங்க, தண்ணி வடிஞ்சதும் வருஷா வருஷம் புதுசா கட்டுறாங்க, அதுக்குத்தான் அந்தச் சின்னக் காசு வாங்குறது. நீங்க நடந்த பாலம் நான் நடந்த பாலம் இல்ல, பாக்க மட்டும் அப்படியே இருக்கு.

ரெண்டாவது போட்டோவைப் பெருசு பண்ணிப் பாத்தேன். ஒய்ஃப் பக்கத்துல நிக்கிற பச்சை சைக்கிள், கூடை இடது பக்கம் நசுங்கியிருக்கே, அது நான் நூடுல்ஸ் வண்டியில விட்டது. டெபாசிட்ல ஒண்ணும் பிடிக்கல, அப்பவே யோசிச்சேன்.

செயின் எப்படி இருந்துது?